உச்சிப்புளி பக்கம் கல்யாண மஹால்: பந்திக்கு ரோபோ எடுக்கலாமா?

கேள்வி: மஹால்காரன்

ஒரு பந்திக்கு 300 இலை போடுகிற ஹால். சமையற்கட்டிலிருந்து கடைசி வரிசைக்கு 30 மீட்டர். தரை முழுக்க டைல்ஸ், சமையற்கட்டு வாசலில் மட்டும் ஒரு இன்ச் நிலைப்படி. தெற்குப் பக்கம் சுவரே கிடையாது, கடற்காற்று நேராக உள்ளே வரும். ஒட்டியே மாடியோடு 24 ரூம், லிஃப்ட் இல்லை. கீழே தினமும் நடக்கிற ரெஸ்டாரன்ட். முகூர்த்த நாளில் பரிமாற ஆள் கிடைப்பது பெரும்பாடு. நாலு டிரே அடுக்கோடு சக்கரத்தில் தானாக ஓடுகிற ரோபோ இரண்டு எடுத்தால் எட்டு சப்ளையர் வேலையைப் பார்க்கும் என்கிறார்கள். கீழக்கரைப் பக்கத்து நிக்காஹ் விருந்துகளும் இங்கே நடக்கும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பந்திக்கணக்கு

அண்ணே, எட்டு ஆள் கணக்கு நிற்காது. இந்த வண்டி இலையில் பரிமாறாது. சோற்றை அள்ளி வைக்க, ரசத்துக்குக் குழி பறித்து ஊற்ற, 'போதும்' என்று கை மறிப்பதைப் பார்த்து நிறுத்த, எல்லாவற்றுக்கும் மனுசக் கைதான் வேண்டும். தூக்கிக்கொண்டு வந்து நிற்பதோடு அதன் வேலை முடிந்தது.

தூக்குகிற கணக்கைப் பாருங்கள். டிரே ஒன்றுக்குப் பொதுவாக 10 கிலோ தாங்கும். 7 லிட்டர் சாம்பாரோடு வாளி 9 கிலோ வந்துவிடும். டிரேக்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளிதான், கைப்பிடியோடு வாளி நுழையாது. ஒன்றுவிட்டு ஒன்று கழற்றினால் நடைக்கு இரண்டு வாளி. குழம்பு, ரசம் இருந்தால் வேகத்தை விநாடிக்கு 0.6 மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தை குறுக்கே ஓடினால் வண்டி சட்டென்று நிற்கும், வாளி முக்காலுக்கு மேல் நிறைந்திருந்தால் சாம்பார் அலையடித்து டிரேயில் வழியும், அங்கிருந்து சக்கரத்துக்கு இறங்கும். போக 50 விநாடி, ஏற்றி இறக்க 80, வெறுமனே திரும்ப 35. ஒரு நடை கிட்டத்தட்ட இரண்டே முக்கால் நிமிடம். 35 நிமிடப் பந்தியில் 12 நடை, 24 வாளி.

300 இலைக்குச் சோறு 10 வாளி, சாம்பார் 7, ரசம், மோர், பாயசம் ஐந்தைந்து, கூட்டும் பொரியலும் 4. மொத்தம் 36. ஒரு ரோபோ பத்தாது, இரண்டு போதும். ஆனால் இரண்டு கையிலும் வாளியோடு நடக்கிற ஒருவர் அதே நேரத்தில் 45 வாளி கொண்டுவந்துவிடுவார். ஆக இரண்டு ரோபோ மிச்சம் பிடிப்பது ஒரு ஆள், மிஞ்சிப்போனால் இரண்டு.

எடுத்தாலும் இலை வரிசைக்குள் விடாதீர்கள். எதிரெதிர் பெஞ்சுக்கு நடுவே இருக்கிற மூன்றடிச் சந்து பரிமாறுகிறவர்களுக்கு உரியது. ரோபோ சுவரோரமாகவே ஓடி, வரிசைத் தலைப்பில் நிற்கட்டும். இரண்டும் எதிர்ப்பட்டால் ஒதுங்க அந்த ஓரத்தில் ஐந்தடி வேண்டும். நிலைப்படிக்கு இரண்டடி நீளச் சரிவுப் பலகை போடுங்கள். ஓரடியிலேயே ஏறிவிடும், ஆனால் ரசம் தளும்பும்.

பதில் 2: உப்புக்காற்று

தெற்குத் திறப்பு என்றால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்தே வரும். முதலில் அடி வாங்குவது சார்ஜிங் முனை. உப்பு ஈரம் பட்ட செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். வண்டி சார்ஜரில் போய் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், காலையில் பார்த்தால் பேட்டரி காலி. வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்க் களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும். சார்ஜரைச் சுவரும் கதவும் உள்ள அறையில் வையுங்கள்.

அடுத்தது லைடார், அதாவது லேசர் ஒளியால் சுற்றிலும் தூரம் அளக்கிற கருவி, அதன் கண்ணாடி. உப்புப் படலம் படிந்தால் இல்லாத ஆளைக் கண்டு வண்டி நின்று நின்று போகும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்த்துங்கள். எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று பார்க்கிற டெப்த் கேமரா அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பது. நேர் வெயில் பட்டால் கண் கூசிப்போகும். சரிகிற வெயில் விழுகிற பக்கம் பனையோலைத் தட்டி கட்டினால் வெயிலும் நிற்கும், மணலும் பாதி குறையும்.

கல்யாண வீட்டில் மட்டும் வருகிற வம்பு ஒன்று உண்டு, விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. லைடார் ரோபோ தன் இடத்தைச் சுவரையும் தூணையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. டெக்கரேஷன்காரர் தூணெல்லாம் துணி சுற்றி, அது காற்றில் ஆடினால், மேப்பில் உள்ள தூண் அங்கே இல்லை என்று குழம்பி நடு ஹாலில் நின்றுவிடும். ரோபோ போகிற பக்கம் துணி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முடியட்டும். கூரையில் ஸ்டிக்கர் ஒட்டி வழி பார்க்கிற வகை என்றால், மேலே சீலிங் துணி கட்டுகிற மஹாலுக்கு அது ஆகவே ஆகாது.

பதில் 3: கீழக்கரை

பாயில் உட்கார்ந்து சஹனில், அதாவது பொதுத் தாலத்தில், சாப்பிடுகிற விருந்துக்கு இதைக் கொண்டுவராதீர்கள். நாலு பேர் சுற்றி உட்காருகிற தாலம் ஒன்றரையடி டிரேக்குள் அடங்காது. பாயின் ஓரம் சுருண்டிருந்தால் சக்கரம் சிக்கும். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகத்தான் ஆகும்.

மஹால்காரன்

நன்றி. அப்படியென்றால் ரூம் சர்வீஸுக்கும் ரெஸ்டாரன்டுக்கும்?

பதில் 4: பந்திக்கணக்கு

மாடிக்குப் போகாது அண்ணே, படி ஏறத் தெரியாது. ஜப்பானில் 2015ல் நாகசாகி பக்கம் திறந்த ஹென்னா ஹோட்டலைப் பாருங்கள். 243 ரோபோவில் பாதிக்கு மேல் 2019க்குள் எடுத்துவிட்டார்கள். பெட்டி தூக்கும் ரோபோவால் நூற்றுக்கு மேற்பட்ட அறைகளில் 24 அறைக்குத்தான் போக முடிந்தது, மழை பெய்தால் அதுவும் இல்லை. அறைக்குள் வைத்த பொம்மை, விருந்தாளியின் குறட்டையைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அவரை எழுப்பிக் கேள்வி கேட்டது. ரோபோவைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வேண்டியிருந்தது.

ரெஸ்டாரன்டுக்கு ஒன்று எடுங்கள். அங்கே மேஜை இடம் மாறாது, துணி கட்ட மாட்டார்கள், எச்சில் தட்டு எடுத்துப் போகவே அது நாள் முழுக்க உழைக்கும். சாப்பாடு கொண்டுவருவதும் எச்சில் எடுப்பதும் ஒரே டிரேயில் வேண்டாம். கீழ் இரண்டும் எச்சிலுக்கு, நிறம் மாற்றி விரிப்பு போடுங்கள். சார்ஜரை யுபிஎஸ் வழியாகக் கொடுங்கள், ஈபி போய் ஜெனரேட்டர் ஏறும்போது வருகிற துள்ளலில் சார்ஜர் போர்டு போய்விடும். வைஃபையில் ரோபோவுக்குத் தனிப் பெயர், 5 கிகாஹெர்ட்ஸ். விருந்தாளிகளின் போன் அதில் சேரக் கூடாது.

மஹாலுக்கு வாடகைக்கு மட்டும் பாருங்கள். பணம் கொடுக்குமுன் வெள்ளோட்டம் கேளுங்கள், காலி ஹாலில் அல்ல, டெக்கரேஷன் முடிந்து, ஃபேன் ஓடி, நாற்காலியெல்லாம் போட்ட பிறகு. டிரேயில் பூச்செண்டு வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் முக்கால் வாளி தண்ணீர் வைத்து, நிலைப்படி தாண்டிக் கடைசி வரிசை வரை பத்து நடை ஓடச் சொல்லுங்கள்.