சென்னையிலிருந்து சனி, ஞாயிறு வால்பாறை: ரெண்டு நாளில் ஆகுமா?

தாம்பரம்வாசி கேட்டது:

வணக்கம். வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை ஆபீஸுக்கு வந்து சேரணும். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம்னு வால்பாறையை முடிவு பண்ணியிருக்கோம். ஆறு பேர்: நாங்க ரெண்டு பேர், அப்பா, அம்மா (எழுபதை நெருங்குறாங்க, அம்மாவுக்கு முட்டிவலி), பிள்ளைங்க ரெண்டு. சின்னவளுக்கு மலை ஏறினாலே வாந்தி. ஜனவரியில் போக எண்ணம். சொந்த கார்லயே போயிடலாமா, ரயிலா? ஊருக்குள்ள லாட்ஜா, எஸ்டேட் ஹோம்ஸ்டேயா? அப்படியே அதிரப்பள்ளியையும் சேர்த்துக்கலாமா?

பொள்ளாச்சிக்காரன்:

முதல்ல கையில எத்தனை மணி நேரம் இருக்குன்னு கணக்குப் போடுங்க. இடங்களோட பட்டியல் அப்புறம்.

சென்ட்ரல்ல இரவு வண்டி ஏறினா காலை 5, 6 மணிக்குக் கோவை. அங்கிருந்து பொள்ளாச்சி 40 கி.மீ., பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கி.மீ. அதுல ஆழியாருக்கு மேல 40 கொண்டை ஊசி வளைவு. பல் தேய்ச்சு, டிபன் சாப்பிட்டு, வழியில ரெண்டு இடத்துல நிறுத்திப் போனா ரூமுக்குள்ள பையை வைக்க மதியம் 12 ஆயிரும். ஜனவரியில 6 மணி தாண்டினா இருட்டு. அப்போ சனிக்கிழமை கையில நிற்கிறது 6 மணி நேரம். ஞாயிறு மதியம் 2 மணிக்கு இறங்க ஆரம்பிச்சாத்தான் கோவையில ராத்திரி வண்டியைப் பதறாமப் பிடிக்கலாம். காலை 6.30லேர்ந்து 2 வரைக்கும் ஏழரை மணி. ஆக மொத்தம் பதிமூணரை மணி நேரம். இதுல மதியச் சாப்பாடு, பெரியவங்க ஓய்வு எல்லாம் கழிச்சா ஒன்பது மணிதான் சுத்திப் பார்க்கறதுக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு இடம், அதுக்கு மேல வேண்டாமுங்க.

சொந்த கார் வேண்டாம். தாம்பரத்துலேர்ந்து வால்பாறைக்கு 600 கி.மீ. பக்கம். ராத்திரி முழுக்க ஓட்டிட்டு, தூக்கம் அசத்துற விடியக்காலையில 40 வளைவு ஏறுறது வம்பை விலைக்கு வாங்குறது. ரயில்ல கோவை வந்து, அங்கிருந்து ரெண்டு நாளைக்கு டிரைவரோட வண்டி எடுங்க. பழனி வழியாப் பாலக்காடு போற இரவு வண்டி பொள்ளாச்சியிலேயே நிற்கும். ஆனா காலையில கொஞ்சம் தாமதமாத்தான் கொண்டு வந்து விடும், இறங்கினதும் வாடகை வண்டி கிடைக்கிறதும் கோவை மாதிரி சுலபமில்லை. உங்க குடும்பத்துக்குக் கோவையே சரி.

டிக்கெட்: முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்கும். ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் போடாதீங்க. அப்பா, அம்மாவுக்குத் தனியா ரெண்டு பேர் டிக்கெட் போட்டா மூத்த குடிமக்கள் கோட்டாவுல லோயர் பெர்த் கேட்கலாம். ஒரு டிக்கெட்ல ரெண்டு பேருக்கு மேல இருந்தா அந்தக் கோட்டா கிடைக்காது. தட்கலை நம்புறதா இருந்தா ஒரு டிக்கெட்டுக்கு நாலு பேர்தான். ஏ.சி.க்கு முந்தின நாள் 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. வெள்ளிக்கிழமை கோவை வண்டிக்கு அதை நம்பி ஹோம்ஸ்டேக்கு முழுப் பணமும் கட்டிட வேண்டாம்.

பொங்கல் வாரமும் குடியரசு தினத்தை ஒட்டின வாரமும் தவிர எந்த சனி, ஞாயிறும் பரவாயில்லை.

ரெண்டாம்கியர்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வண்டி பற்றி மட்டும்.

ஆறு பேரும் டிரைவரும் என்றால் ஏழு. எர்டிகா மாதிரி வண்டியில் கடைசி வரிசை பின்சக்கரத்தின் மேல் இருக்கும், வளைவில் ஆட்டம் அங்கேதான் அதிகம். வாந்தி வரும் பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் பத்தாவது வளைவுக்குள் முடிந்தது. இன்னோவா கிடைத்தால் நல்லது. எதுவானாலும் சின்னவள் நடு வரிசையில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற மாதிரி உட்காரட்டும். கண் பார்ப்பதும் உள்காது உணர்வதும் பொருந்தாமல் போவதுதான் குமட்டலுக்குக் காரணம். அதனால் மொபைல், புத்தகம் எதுவும் கூடாது. வெறும் வயிறும் தப்பு, நெய்ப் பொங்கல் வடையும் தப்பு. பொள்ளாச்சியில் ரெண்டு இட்லி போதும். அவோமின் போன்ற மாத்திரை கொடுப்பதென்றால் அளவைக் குழந்தையின் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். ஏறத் தொடங்கியபின் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். எவ்வளவு நேரம் முன்பு கொடுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவரிடம் முன்பே கேட்க வேண்டியவை: கி.மீ. கணக்கா, நாள் வாடகையா, மலைக்குத் தனிக் கட்டணம் உண்டா, பேட்டா எவ்வளவு, ராத்திரி அவர் எங்கே படுப்பார். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜனவரிக் குளிரில் வண்டிக்குள்ளேயே தூங்கிய ஆள் மறுநாள் 40 வளைவு இறக்க வேண்டும். ஹோம்ஸ்டேயில் டிரைவர் அறை இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

சொந்தமாக ஓட்டுவோர் யாராவது இதைப் படித்தால்: ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் செகண்ட். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வித்தை இங்கே வேண்டாம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பேடு சூடேறிப் பிடிமானம் போய்விடும். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி 20 நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விட்டுவிடாமல் மேனுவலில் 2 அல்லது எல். வளைவில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. அரசுப் பேருந்து திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும். ஹார்ன் கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். கவர்க்கல் பக்கம் பட்டப்பகலிலேயே பனிமூட்டம் இறங்கும். அப்போது ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் மட்டும்.

இன்னொன்று, இ-பாஸ். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் கட்டாயம். இலவசம்தான், ஆனால் வண்டி எண் வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் முந்தின ராத்திரி வரை எண் தர மாட்டார்கள். எண் வந்தால்தான் முன்பணம் என்று சொல்லிவிடுங்கள். அரசுப் பேருந்தில் போவோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

சோலைமந்தி:

தங்குமிடம் பத்தி யாரும் சொல்லலையே.

எஸ்டேட் ஹோம்ஸ்டே போட்டோவுல அழகா இருக்கும். அங்க போய்ச் சேர்றதுதான் பிரச்சனை. மெயின் ரோட்டுல இருந்து உள்ள எத்தனை கி.மீ., அதுல தார் எவ்வளவு, கல் ரோடு எவ்வளவுன்னு கேளுங்க. "கார் வரும்"னு சொன்னா எந்தக் கார்னு கேளுங்க. சில இடத்துக்கு ஜீப்தான் போகும், அது தனிக் காசு. எஸ்டேட் கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்க, வெந்நீர் எந்த நேரம் வரும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்போ சொல்லணும், படிக்கட்டு எத்தனை இதெல்லாம் போன்லயே கேட்டுடணும். அம்மாவுக்கு முட்டிவலின்னா தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட். உரிமம் இருக்கான்னும் கேளுங்க. அது இல்லாத இடத்தை அதிகாரிங்க பூட்டி சீல் வெச்சா உங்க முன்பணம் உள்ளயே மாட்டிக்கும்.

என் ஓட்டு டவுனுக்குப் பக்கத்துல இருக்கற இடத்துக்குத்தான். காந்தி சிலையில இருந்து ரெண்டு மூணு கி.மீ.க்குள்ள பாருங்க. மருந்துக் கடை, அரசு ஆஸ்பத்திரி, டீக்கடை எல்லாம் கைக்கெட்டுற தூரம். பெரியவங்க இருக்கறப்போ அதுதான் நிம்மதி.

சனி மதியம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, 3 மணி வாக்குல புதுத்தோட்டம் பக்கம் போங்க. டவுனை ஒட்டினாப்ல பொள்ளாச்சி ரோட்டுலயே இருக்கு. சிங்கவால் குரங்கு ரோட்டோரத்துலயே இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் காட்டுல இல்லாத ஜாதி. பிஸ்கட், பழம் எதுவும் நீட்டாதீங்க. சாப்பாட்டுக்காக ரோட்டுக்கு வர ஆரம்பிச்சு வண்டியில அடிபட்டுச் சாகறது அதனாலதான். அப்புறம் கூழாங்கல் ஆறு. பிள்ளைங்க கரையில கால் நனைக்கலாம், அதோட சரி. தண்ணி கணுக்காலளவுதான் தெரியும், ஆனா கல் வழுக்கும், நாலடி தள்ளிக் குழி இருக்கும். 2023 அக்டோபர்ல சோலையார் எஸ்டேட் பக்கத்து ஆத்துல கல்லூரிப் பசங்க அஞ்சு பேர் மூழ்கிச் செத்துப் போனாங்க. அது வேற இடம், ஆனா ஆறு எல்லாம் இதே லட்சணம்தான்.

ஞாயிறு காலை சீக்கிரமா நல்லமுடி பூஞ்சோலை. மதியத்துக்கு மேல மேகம் மூடிட்டா எதிர்ல இருக்கற பள்ளத்தாக்கே தெரியாது. தேயிலைக்கு நடுவுல கொஞ்சம் நடக்கணும், அம்மா கீழயே இருக்கட்டும். இறங்கறப்போ ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட். ஆழியார் அணை அப்படியே கீழ விரியும், பாறையில வரையாடு நிற்கும். சனிக்கிழமை ஏறறப்போ இங்க நிறுத்தாதீங்க. இறங்கற பக்கத்துல இருந்துதான் நிறுத்த வசதி, பிள்ளைக்கும் அப்போ வயிறு அடங்கியிருக்கும்.

இருட்டினப்புறம் எஸ்டேட் ரோட்டுல காலாற நடக்கறது கிடையவே கிடையாது. சிறுத்தை நடமாட்டம் உண்டு, குழந்தைங்களைத் தனியா முற்றத்துக்குக்கூட விடாதீங்க. ஜனவரி யானை வர்ற மாசமும்கூட. அங்கங்க கம்பத்துல சிவப்பு விளக்கு வெச்சிருக்காங்க. அது எரிஞ்சா சுத்துவட்டாரத்துல யானை இருக்குன்னு அர்த்தம், அழகுக்கு வெச்சதுன்னு நினைச்சுப் போட்டோ எடுக்க நிற்காதீங்க.

அட்டைப்பூச்சிக்கு உப்பு வேணுமான்னு கேட்பீங்க. ஜனவரியில தேவைப்படாது, அது ஜூன்லேர்ந்து மழைக்காலத்துச் சமாச்சாரம். ஸ்வெட்டர், பெரியவங்களுக்கு மஃப்ளர், சாக்ஸ் போதும். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். எஸ்டேட் உள்ள சிக்னல் வந்து வந்து போகும், மேப்பைக் கோவையிலயே இறக்கி வெச்சுக்கோங்க.

தாம்பரம்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ரயில், கோவை, டவுனுக்குப் பக்கத்துல ரூம்: மூணும் முடிவு. வீட்டம்மாவுக்கு மட்டும் அதிரப்பள்ளியை விட மனசில்லை. ஞாயித்துக்கிழமை போயிட்டு வால்பாறைக்கே திரும்பி வர முடியுமா?

மேற்குவண்டி:

போயிட்டுத் திரும்பறது முடியாது. வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி 80 கி.மீ.க்கு நெருக்கம். மலக்கப்பாறை தாண்டினா வாழச்சால் வரைக்கும் காடு, குறுகலான ரோடு, கடை கண்ணி கிடையாது. ஒரு வழிக்கே மூணரை மணி நேரம் வைங்க.

ஆனா திரும்பாமப் போகலாம். ஞாயிறு காலை 6.30க்கு ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்புங்க. வழியில சோலையார் அணையை வண்டியில இருந்தபடியே பார்த்துக்கலாம். மலக்கப்பாறை செக்போஸ்ட்ல வண்டி விவரம் எழுதி நேரம் குறிச்சுச் சீட்டு கொடுப்பாங்க, வாழச்சால்ல சரிபார்ப்பாங்க. நடுவுல இறங்கி யானையோட செல்ஃபி எடுத்தா அங்க பதில் சொல்லணும். மாலை 6லேர்ந்து காலை 6 வரைக்கும் அந்த ரோடு மூடியிருக்கும். 11 மணிக்குள்ள அதிரப்பள்ளி, 1 மணிக்குக் கிளம்பி சாலக்குடியில சாப்பாடு, 4 மணிக்குள்ள திருச்சூர் ஸ்டேஷன். அங்கிருந்து சாயங்காலம், ராத்திரி ரெண்டு நேரமும் சென்னைக்கு வண்டி உண்டு. திரும்பற டிக்கெட்டைக் கோவைக்குப் பதிலா திருச்சூர்ல போடணும், அவ்வளவுதான்.

செலவு கூடும். வாடகை வண்டி திருச்சூர்லேர்ந்து காலியாக் கோவை திரும்பற கி.மீ.யும் உங்க கணக்குதான், கேரளா பர்மிட்டும் சேரும்.

பொள்ளாச்சிக்காரன்:

மேற்குவண்டி சொல்ற வழி சரியான வழிதானுங்க. உங்க குடும்பத்துக்குச் சரியான்னுதான் யோசனை. அந்தக் காட்டு ரோட்டுலயும் வளைவு இருக்குது, சின்னவளுக்கு மறுபடி மாத்திரை. அருவியோட அடிவாரத்துக்கு இறங்குற பாதை செங்குத்து, அம்மாவால ஆகாது. மேலேர்ந்து பார்க்கறதோட அவங்க நிறுத்திக்கணும். ஜனவரியில தண்ணி மழைக்கால அளவுக்கு இருக்காதுன்னு வீட்டம்மாகிட்டயும் சொல்லிருங்க. நல்லமுடியும் போயிரும், லோம்ஸ் வியூவும் போயிரும்.

ஒரு வழி இருக்கு. ரெண்டு ஸ்டேஷன்லேர்ந்தும் திரும்பற டிக்கெட் போட்டு வைங்க. சனிக்கிழமை ஏறினதும் பிள்ளை எப்படி இருக்கா, அம்மா கால் எப்படின்னு பார்த்துட்டு, ராத்திரி 7 மணிக்குள்ள ஒண்ணை ரத்து பண்ணுங்க. வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்குள்ள வந்துட்டா பிடித்தம் கூடத்தான் ஆகும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க. டிரைவர்கிட்டயும் ரெண்டு வாடகையும் முன்னாடியே பேசி வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிருங்க.