கேளிக்கைப் பூங்காவில் பாலும் நெய்யும் இல்லாத மதியச் சாப்பாடு: உங்களுக்கு எங்கே கிடைத்தது?

சென்னையிலிருந்து

கோடை விடுமுறையில் அண்ணன் குடும்பத்தோடு நகருக்கு வெளியே உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். நான் நனிசைவத்துக்கு மாறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இறைச்சியும் முட்டையும் மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதுவும் எடுப்பதில்லை. எங்கே போனாலும் புளியோதரை கட்டிக்கொண்டு போவது என் வழக்கம். அன்றும் கட்டியிருந்தேன். வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு.

காலை முழுவதும் குழந்தைகளோடு தண்ணீரில் ஆட்டம். ஒரு மணிக்கெல்லாம் பசி வயிற்றைக் கிள்ளியது. உணவுக்கூடத்தில் வரிசையாகக் கடைகள். வெஜிடபிள் பிரியாணியில் தயிர், சப்பாத்திக்குப் பனீர் மசாலா, தயிர் சாதம், பீட்சா. நூடுல்ஸ் வாங்கலாம் என்று போனால் முட்டை நூடுல்ஸ் வதக்கிய அதே சட்டி. "எல்லாமே சுத்த சைவம்தான் மேடம்" என்று கல்லாவில் இருந்த பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன்மேல் தவறில்லை. சைவம் என்றால் பாலும் நெய்யும் சேர்ந்தது என்பதுதான் நம் ஊர்க் கணக்கு. பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளியின் கணக்கும் அதுவே. பால், தேன் இரண்டையும் அது அனுமதிக்கிறது. நனிசைவ உணவுக்கென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆம் ஆண்டு தனி விதிமுறையும் தனிச் சின்னமும் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சின்னம் பொட்டலத்துக்குத்தான்; தட்டில் விழும் சோற்றில் அதைத் தேடிப் பயனில்லை.

கடைசியில், சமைப்பவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே ஒரு மாஸ்டர் வெளியே வந்தார். "உங்களுக்கு எது ஆகாது என்று சொல்லுங்கள் அம்மா" என்றார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனவர், ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தார். சோறு, கத்தரிக்காய்க் காரக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ஒரு அப்பளம். அங்கே வேலை செய்கிறவர்களுக்காகச் சமைத்த சாப்பாடு அது. கடலை எண்ணெயில் தாளித்தது, ஒரு சொட்டு நெய் கிடையாது. விருந்தினருக்கென்று விலைக்கு வைத்த பத்துப் பன்னிரண்டு பண்டங்களில் எனக்கு ஒன்றும் இல்லை. பின்கட்டில் தொழிலாளர்கள் உண்ணும் சோற்றில் எல்லாமே இருந்தது. பில்லில் போட வழியில்லை என்று பணமும் வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தட்டை நான் மறக்க மாட்டேன்.

பூங்காவோ சாதாரண ஹோட்டலோ, உங்களுக்கு எங்கே சாப்பாடு கிடைத்தது? என்ன சொல்லிக் கேட்டால் சமைப்பவருக்குப் புரிகிறது? எழுதுங்கள்.

கோவையிலிருந்து

ஒன்று மட்டும் சொல்கிறேன். நனிசைவத்தைக் குறிக்கும் "வீகன்" என்ற ஆங்கிலச் சொல்லை நெடுஞ்சாலைக் கடைகளில் சொல்லி நான் ஒருமுறைகூடப் பயன் கண்டதில்லை. "பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், முட்டை" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி "வேண்டாம்" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். மோரைத் தனியாகச் சொல்ல வேண்டும். தயிர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ரவா தோசை வந்தது, மோர் ஊற்றிக் கரைத்த மாவில்.

ஆர்லாண்டோவிலிருந்து

சகோதரி, உங்கள் புளியோதரை வாசலிலேயே நின்றுபோனதைப் படித்து மனம் கனத்தது. நான் வசிக்கும் ஊரில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போகலாம். மதுவும் கண்ணாடிப் பாத்திரமும் கூடாது, சூடுபடுத்தித் தரமாட்டார்கள், அவ்வளவுதான். முதல்முறை பெற்றோரோடு போனபோது எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். மாலைவரை டப்பாவைத் திறக்கத் தேவைப்படவில்லை.

2019 அக்டோபர் முதல் அங்குள்ள முக்கிய உணவகங்கள் எல்லாவற்றிலும் தாவர உணவு வைத்திருக்கிறார்கள். உணவுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை இருக்கும். இறைச்சி, பால், முட்டை, தேன் நான்கும் இல்லை என்பதுதான் அந்த இலையின் பொருள். யாரிடமும் விளக்கம் சொல்லாமல், பட்டியலைப் பார்த்து விரலால் காட்டிச் சாப்பாடு வாங்கியது என் வாழ்வில் அன்றுதான் முதல்முறை. அனிமல் கிங்டம் பூங்காவின் பண்டோரா பகுதியில் சாடுலி கான்டீன் என்று ஒரு கடை உண்டு. மிளகாய்க் காரத்தோடு மொறுமொறுப்பாகப் பொரித்த டோஃபுவை, அதாவது சோயாப் பனீரை, கிண்ணச் சோற்றின்மேல் போட்டுத் தருவார்கள். அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டார். அதற்கு ஊற்றும் சாஸ்களில் ஒன்றில் பால் சேர்கிறது, அதை மட்டும் கேட்டுத் தவிர்க்க வேண்டும். கேலக்ஸிஸ் எட்ஜ் பகுதியில் விற்கும் நீலப் பால், பெயரில்தான் பால். தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும் கலந்தது. ஐஸ்கிரீம் போல இருக்கும் அன்னாசி டோல் விப்பிலும் பால் இல்லை. ஆனால் வெனிலாவோடு சேர்த்துச் சுழற்றித் தருவதில் பால் உண்டு.

பூங்காவுக்கு வெளியே வந்துவிட்டால் கவனம் வேண்டும். அமெரிக்காவுக்கு வரும் நம் பெரியவர்கள், உருளைக்கிழங்குதானே என்று நம்பி வாங்குவது ஃபிரெஞ்சு ஃபிரைஸ். இந்நாட்டு மெக்டொனால்ட்ஸ் ஃபிரைஸில் பாலிலிருந்து எடுத்த பொருளும் அடங்கிய மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. இது தெரியாமல் பல ஆண்டுகள் உண்ட இந்துக்களும் சைவ உணவினரும் தொடுத்த வழக்கில், 2002 ஆம் ஆண்டு அந்த நிறுவனம் 1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. இப்போது பொருள் பட்டியலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், படித்துப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. சாலைப் பயணத்தில் எனக்குத் துணை டாகோ பெல் என்ற துரித உணவகம். பீன்ஸ் புரிட்டோவை "ஃபிரெஸ்கோ" என்று சொல்லிக் கேட்டால் சீஸுக்குப் பதிலாகத் தக்காளி வைத்துத் தருவார்கள். சிபோட்லே என்ற இன்னொரு உணவகத்தில் சோஃப்ரிட்டாஸ் என்றால் காரமான டோஃபு.

மதுரையிலிருந்து

நான் முப்பத்தொரு வருடம் ஹோட்டல்களில் சரக்கு மாஸ்டராக இருந்தவன். அந்தத் தட்டைக் கொடுத்த மாஸ்டருக்கு என் வணக்கம். நீங்கள் எழுதியது முற்றிலும் உண்மை அம்மா. ஹோட்டல் ஆட்களுக்கு வடிக்கும் சாப்பாட்டில் நெய் போடமாட்டார்கள், கட்டுப்படியாகாது.

எங்கள் சமையல்கட்டில் நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். நம் பண்டங்களில் முக்கால்வாசிக்குப் பால் தேவையே இல்லை. இட்லி, தோசை மாவு அரிசியும் உளுந்தும்தான். மெதுவடை உளுந்தில் செய்வது. சாம்பார் கொதிக்கும்போது அதில் பால் பொருள் எதுவும் கிடையாது. இறக்கும்போதோ பரிமாறும்போதோ மணத்துக்காக ஒரு கரண்டி நெய் விடுவோம், அங்கேதான் உங்களுக்குப் போய்விடுகிறது. ரசத்துக்கு நெய்யில் தாளிக்கும் கடைகள் உண்டு. மினி இட்லியின்மேல் கேட்காமலேயே நெய் விழும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தட்டு மேசைக்கு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

பொங்கலையும் கேசரியையும் கேட்கவே வேண்டாம், அவை நெய்யிலேயே பிறந்தவை. சில கடைகளில் பொங்கலுக்கு டால்டா போடுவார்கள். டால்டா தாவர எண்ணெயிலிருந்து வருவதுதான். உங்கள் கொள்கைக்குச் சரி, உடம்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். குருமா ஏமாற்றும். தேங்காயும் முந்திரியும் அரைத்து வெள்ளையாக இருப்பது ஒரு வகை, தயிரோ கிரீமோ விட்டு வெள்ளையாக்குவது இன்னொரு வகை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எங்களாலேயே முடியாது. அவியலில் தயிர் நிச்சயம். சப்பாத்தி மிருதுவாக வரப் பாலில் பிசைவார்கள். பரோட்டா மாவில் முட்டை அல்லது பால் சேர்ப்பது கடைக்குக் கடை மாறும். பரோட்டா மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள், அவர் பொய் சொல்லமாட்டார். தன் மாவைப் பற்றிக் கேட்டால் மாஸ்டருக்குப் பெருமைதான்.

தோசையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்கள் தோசைக்கு எண்ணெய்தான் விடுவோம். ஆனால் அதற்கு முன் அதே கல்லில் நெய் ரோஸ்ட் ஊற்றியிருப்போம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், கல்லைத் துடைத்து ஊற்றச் சொல்லுங்கள். காலை எட்டரைக்குச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். நான் இருந்தாலும் செய்திருக்கமாட்டேன். பதினொரு மணிக்குச் சொன்னால் செய்வார்கள்.

மதுரைக்கு வந்தால் பருத்திப்பால் குடியுங்கள். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் போட்டுக் காய்ச்சுவது. மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்திலேயே ஜிகர்தண்டா விற்பார்கள், அதில் பால் உண்டு, ஆசைப்பட்டுவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து

மாஸ்டர் ஐயா எழுதியதை அப்படியே நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். நான் நனிசைவம் இல்லை. என் மகனுக்கு எட்டு வயது, பால் ஒவ்வாமை. நெய் தடவிய கல்லில் ஊற்றிய தோசை எங்களுக்குக் கொள்கை விஷயமல்ல. இரண்டு வருடம் முன்பு ஒரு ஹோட்டலில் "பால் இல்லை" என்று சொல்லிக் கொடுத்த குருமாவைத் தொட்டுக்கொண்டு இரண்டு வாய்தான் சாப்பிட்டான். உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடிய அந்தப் பத்து நிமிடத்தை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

அதனால் இங்கே படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொன்னால் கேட்பார்கள் என்பதற்காக, இல்லாத ஒவ்வாமையைச் சொல்லாதீர்கள். சிலர் அப்படிச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். பால் ஒவ்வாமை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஐஸ்கிரீம் வாங்குவார்கள். பரிமாறுகிறவர் அதைக் கவனிக்கிறார். அடுத்த முறை என் மகனுக்காக நான் சொல்லும்போது, அதையும் பொய் என்றே நினைப்பார். கொள்கை என்றால் கொள்கை என்றே சொல்லுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் ஒவ்வாமைத் தகவலை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் விதிமுறை சொல்கிறது. பெரிய கடைகளில் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான் அந்தத் தகவல் மேசைக்கு வரும்.

சிங்கப்பூரிலிருந்து

இங்கே பிரச்சினை தலைகீழ். சீனச் சமையலில் பாலுக்கும் நெய்க்கும் அநேகமாக இடமே இல்லை, அந்தக் கவலை விட்டது. ஆனால் வெறும் கீரை என்று வாங்கும் கங்கோங்கில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும், மற்றக் காய்களில் சிப்பிச் சாஸ் ஊற்றியிருப்பார்கள். உணவங்காடி நிலையங்களில் புத்த மரபுச் சைவக் கடைகளைத் தேடுங்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காமல் சமைப்பார்கள். காலையில் அங்கே கிடைக்கும் சைவப் பீஹூன் என்ற அரிசி நூடுல்ஸ் எனக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் இறைச்சி போலவே செய்துவைத்திருக்கும் பண்டங்களில் சிலவற்றில் முட்டையோ பாலோ இருக்கலாம், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

மீண்டும் சென்னையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. திருச்சி அக்கா, உங்கள் வேண்டுகோள் என்னைத் தைத்தது. அவசரத்தில் நானும் இரண்டு முறை "ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

போன சனிக்கிழமை அதே பூங்காவுக்குப் பள்ளித் தோழிகளோடு போக வேண்டி வந்தது. இந்த முறை இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் அழைத்து, டிக்கெட் பிரிவைத் தாண்டி, உணவுக்கூடத்துக்கு இணைப்பு வாங்கினேன். எதெது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், மோரையும் தனியாகச் சொன்னேன். போனில் பேசியவர் யாரையோ கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, "மாஸ்டர் சரி என்கிறார், ஒரு மணிக்கு வாருங்கள்" என்றார்.

போனபோது தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தயாராக இருந்தன, தனி வாணலியில் செய்தது. இந்த முறை பில்லும் போட்டார்கள். என் பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு பெண், அது எந்தக் கடையில் கிடைக்கிறது, பட்டியலில் காணவில்லையே என்று கேட்டார். தன் கணவருக்குப் பால் சேராதாம். அவரை உள்ளே அழைத்துப் போய் மாஸ்டரிடம் விட்டுவிட்டு வந்தேன். நான் சாப்பிட்டு எழுந்தபோது, இன்னொரு தட்டில் தக்காளி சாதம் வந்துகொண்டிருந்தது.