ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும்: வீட்டு கராஜ் அனுபவங்கள்

கவென்ட்ரியிலிருந்து:

என்னிடம் இருப்பது 1978 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. பெயின்ட் அடிப்பது தவிர மற்ற எல்லா வேலையையும் வீட்டு கராஜிலேயே பார்க்கிறேன். இந்தக் காரைக் கட்டிய கேன்லி தொழிற்சாலை இதே ஊரில்தான் இருந்தது. 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், அதனால் உதிரி பாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிட வசதியான பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது என்பேன். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் (வால்வு இடைவெளி) செட் செய்யலாம்.

வாங்கியவுடன் எதை மாற்றலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய கார்பரேட்டர், கேம் ஷாஃப்ட், சத்தமான எக்ஸாஸ்ட் என்று பட்டியல் ஏற்கெனவே மனதில் இருக்கும். இந்தக் கார் எங்கே உடையும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். உடையும் இடத்தைச் சரி செய்யும் மாற்றம் முதலில், வேகத்துக்கான மாற்றம் அதற்கு அப்புறம்.

கார் தேடி அலைந்த நாட்களில் சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்று பார்த்தேன். புது சீட், புது டயர், உள்ளே மரப் பலகை பாலிஷ். விற்பவரிடம் இஞ்சினை நிறுத்திவிட்டு க்ளட்சை மிதித்து மிதித்து விடச் சொன்னேன். நான் முன்பக்கம் குனிந்து, இஞ்சினின் சுழல்தண்டான க்ராங்க் ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் புல்லியைப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் புல்லி முன்னே வந்து பின்னே போவது கண்ணுக்கே தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

க்ராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது, பின்பக்க மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். க்ளட்சை மிதிக்கும்போதெல்லாம் க்ராங்க் முன்னோக்கித் தள்ளப்படும், அந்த அழுத்தம் முழுக்க பின்பக்க வாஷர் மேல் விழும். அது தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவி சம்ப்புக்குள் (இஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்துவிடும். அதன்பிறகு க்ராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும், பிளாக் பழைய இரும்புக்குத்தான் போகும். இவ்வளவு பெரிய சேதத்தைத் தடுக்கும் வேலை சின்னது. இஞ்சினை இறக்க வேண்டாம். சம்ப்பைக் கழற்றி, பின்பக்க பேரிங் கேப்பை எடுத்து, பழைய வாஷரை நகர்த்தி வெளியே கொண்டுவந்து புதியதைச் செருகலாம். தேய்மானத்துக்கு ஏற்றபடி தடிமன் கூடிய வாஷர்களும் கிடைக்கின்றன. எண்ணெய்க் கோடு வெட்டிய பக்கம் க்ராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். இன்னொன்று, சிக்னலில் க்ளட்சை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.

நான் கடைசியில் வாங்கிய காரில் துரு இருந்தது, ஆனால் புல்லி அசையவில்லை. துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேசிஸ் உண்டு, ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சில் வெறும் அலங்காரத் தகடு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதன் அடிப்படை, ட்ரையம்ஃபின் குடும்பக் காரான ஹெரால்டின் சேசிஸ். ஹெரால்டில் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் பாடியைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தக் கைகள் இல்லை, அந்தப் பாரத்தை சில் வாங்குகிறது. ஆகவே சில்லை வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் இடத்தில் முன்னும் பின்னுமாக ஒரு இரும்புக் கம்பியை வெல்ட் செய்து பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுசாக முடிந்தபிறகு மறுபக்கத்தைத் தொடுங்கள். கதவின் இடைவெளியை வேலைக்கு நடுவே அளந்துகொண்டே இருங்கள். பட்டி பூசி மறைத்த சில்லோடு எத்தனையோ கார்கள் கைமாறுகின்றன, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதில் உட்கார்ந்து போகிறவர் ஒரு மனிதர்.

என் காரில் செய்திருக்கும் மாற்றங்கள் இவைதான். ப்ளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வெளியே தெரியாது. ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டர். இந்த இஞ்சினில் ஃபில்டர் படுக்கையாக உட்கார்ந்திருப்பதால் இரவில் ஆயில் திரும்ப வடிந்துவிடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேரிங் தடதடக்கும். சரியான ஃபில்டர் போட்டால் அந்தச் சத்தம் அடங்கிவிடும். பெட்ரோல் குழாய்களையும் மாற்றினேன். 2021 செப்டம்பரில் இங்கே இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது, பழைய ரப்பர் அதைத் தாங்காது. எத்தனாலைத் தாங்கும் குழாய் போட்டு, முடிந்தவரை 5 சதவீத பெட்ரோலே ஊற்றுகிறேன். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மம் உள்ளது. அதற்குமேல் இஞ்சினைத் தொடவில்லை. 71 குதிரைத்திறன் இவ்வளவு எடை குறைந்த காருக்குப் போதும்.

சென்னை, தாம்பரத்திலிருந்து:

தம்பி, நீங்கள் ஹெரால்டு என்று எழுதியதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, நம்ம வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சிசி இஞ்சின். நாலு கதவு வைத்த ஹெரால்டை உலகத்திலேயே இங்கேதான் செய்தார்கள். ஆனாலும் முன்பக்க சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை உங்கள் காரும் என் காரும் அண்ணன் தம்பிதான். நீங்கள் ட்ரன்னியனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அதனால் நான் எழுதுகிறேன்.

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது பித்தளை நிறத்தில் உள்ள ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்காரும். அதுதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், 90 கிரேடு. கம்பெனி கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் ஊரில் பாதிப் பேர் கிரீஸ் அடிப்பார்கள். நிப்பிளைப் பார்த்ததும் கை தானாக கிரீஸ் கன்னுக்குப் போய்விடுகிறது. கிரீஸ் நாளாவட்டத்தில் இறுகிவிடும், புதிய கிரீஸ் அடிமரை வரைக்கும் இறங்காது. தண்ணீர் உள்ளே நிற்கும். மரை துருப்பிடிக்கும். பிறகு தண்டு மரை இருக்கும் இடத்தில் ஒடியும்.

ஒடிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் நண்பர் ஒருவரின் ஹெரால்டு, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் மெதுவாகத் திரும்பியது. முன் சக்கரம் வெளிப்பக்கமாகப் படுத்துவிட்டது, கார் மூக்கு தரையில். மெதுவாகப் போனதால் யாருக்கும் அடிபடவில்லை. அதே காரில் அரைமணி நேரம் முன்னால்தான் மெயின் ரோட்டில் வேகமாக வந்திருந்தோம். அன்றைக்கு மாலையே என் காரை ஜாக்கியில் தூக்கிவிட்டேன். இரண்டு தண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, சுத்தமாக இருந்தது. இப்போதும் மழைக்காலம் முடிந்ததும் நிப்பிள் வழியாக கியர் ஆயில் ஏற்றுகிறேன், கீழே பழைய அழுக்கு ஆயில் கசிந்து வரும் வரைக்கும். கிரீஸ் கன் ஒன்றைத் தனியாக எடுத்து ஆயிலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இடது வலது கட்டிகளை மாற்றிப் போட முடியாது, மரை எதிரெதிர் திசை.

மாற்றம் என்று நான் செய்தது ஒன்றுதான். முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக் போட்டேன். ஸ்பிட்ஃபயருக்கு முதல் நாளிலிருந்தே முன்பக்கம் டிஸ்க்தான். சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தது, சுங்க வரியோடு சேர்த்தால் செலவுதான். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், டிரம்முக்கு உள்ளதை விட்டால் பெடல் சரியாக வராது. இன்றைய சென்னை டிராஃபிக்கில் முன்னால் போகிற கார் சட்டென்று நின்றுவிடுகிறது, நாமும் அதே தூரத்தில் நிற்க வேண்டாமா?

பெட்ரோல் விஷயம் இங்கே இன்னும் கஷ்டம். 20 சதவீத எத்தனால். காரில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்து விரிசல் விட்டுவிடுகிறது. எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரம் கிட் வாங்கி நானே பிரித்து மாட்டினேன். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும், அதனால் ஆயில் குச்சியை எடுக்கும்போது முகர்ந்து பாருங்கள்.

டொரன்டோவிலிருந்து:

ஐயா, ட்ரன்னியன் பற்றி எழுதியதற்கு நன்றி. கவென்ட்ரி அண்ணா கார்பரேட்டரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார், ஆனால் என் நிலைமை வேறு. என் ஸ்பிட்ஃபயர் 1500 நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிய 1500-களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக இரட்டை எஸ்யூ கார்பரேட்டரை எடுத்துவிட்டு ஒற்றை ஸ்ட்ரோம்பெர்க் வைத்தார்கள், கம்ப்ரெஷன் விகிதத்தை 9:1-லிருந்து 7.5:1 ஆக்கினார்கள். மேட்டில் ஏறும்போது கார் மூச்சு வாங்கும். இரட்டை எஸ்யூவும் அதற்கான மேனிஃபோல்டும் பழையதாக வாங்கிப் போட்டேன். த்ராட்டில் தண்டு ஆடினால் காற்று உள்ளே போய் ஐடிலிங் ஒரு நிலையில் நிற்கவே நிற்காது. அதனால் முதலில் லேத்தில் கொடுத்து புஷ் போட்டு வாங்கினேன். இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி செட் செய்தபிறகுதான் மிக்ஸ்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவை) தொட வேண்டும், வரிசை மாறினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். கார்பரேட்டரின் மேலே இருக்கும் டேஷ்பாட் என்ற குழாய்க்குள் ஆயில் ஊற்ற மறக்காதீர்கள்.

இங்கே ரோட்டில் உப்பு போடுவார்கள், அதனால் முதல் பனி விழுவதற்கு முன்பே கார் உள்ளே போய்விடும். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும் காரை வசந்தத்தில் எடுக்கும்போது ப்ளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்கிறேன்.

லெஸ்டரிலிருந்து:

என்னுடையது 1968 ஸ்பிட்ஃபயர் மார்க் 3. பின்பக்கம் பழைய ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரமும் அச்சும் ஒன்றாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வளைவில் வேகமாக நுழைந்து நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பிச் சக்கரம் உள்ளே மடங்கும், பிறகு காரின் பின்பக்கம் வழுக்கிவிடும். ஈரமான ரவுண்டானா ஒன்றில் அதை அனுபவித்தேன், நல்லவேளை பக்கத்தில் வேறு கார் இல்லை. 1970 கடைசியில் வந்த மார்க் 4-இல் கம்பெனியே இதைச் சரி செய்துவிட்டது. பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மட்டும் டிஃபரென்ஷியலோடு இறுக்கமாக இருக்கும், மற்றவை சுழல விட்டிருப்பார்கள். அந்த ஸ்பிரிங்கையே என் காரில் போட்டுவிட்டேன், கூடவே முன்பக்கத்துக்கு, வளைவில் சாய்வதைக் குறைக்கும் தடிமனான ஆன்டி ரோல் பார். அது இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கார் ரொம்பச் சாயும். அதே ரவுண்டானாவில் இப்போது பதற்றமில்லாமல் போகிறேன். அடுத்து பின் சக்கர பேரிங் சத்தம் போடுகிறது. ஹப்பை வீட்டிலேயே கழற்றலாமா அண்ணா?

கவென்ட்ரியிலிருந்து:

ஐயா சொன்ன ட்ரன்னியன் விஷயத்தை எல்லோரும் முதல் வேலையாகச் செய்யுங்கள். நான் த்ரஸ்ட் வாஷரைப் பற்றிச் சொன்னதைவிட அது முக்கியம், வாஷர் போனால் இஞ்சின்தான் போகும், அந்தத் தண்டு ஒடிந்தால் உயிருக்கே ஆபத்து.

தம்பி, பின் ஹப் கூம்பு வடிவத் தண்டில் பல வருஷமாக இறுகி உட்கார்ந்திருக்கும். கடையில் கிடைக்கிற மூன்று கால் புல்லரால் இழுத்தால் ஹப்பின் விளிம்பு வளையும், புல்லர் தெறித்தால் முகத்தில் அடிக்கும். ஹப்பின் ஸ்டட்களில் போல்ட் போட்டு இழுக்கும் கனமான புல்லர் வேண்டும். கிளப்களில் வாடகைக்குத் தருகிறார்கள். முழு அழுத்தம் கொடுத்து வைத்துவிட்டு, நடு போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரு அடி. நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மரை விட்டுவையுங்கள், ஹப் பிடுங்கிக்கொண்டு பறக்காது. அப்படியும் வரவில்லை என்றால் இரண்டு பக்க ஷாஃப்டையும் அப்படியே கழற்றி, பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பேரிங் போடும்போது கிரீஸ் தாராளமாக வையுங்கள், கூடவே சீலையும் புதிதாகப் போடுங்கள்.