மிளா (கடமான்) படம் எடுக்க மனுச வாடையை அடக்குற உடுப்பு, ஸ்ப்ரே எல்லாம் வேணுமா, காத்து பார்த்து உக்காந்தா போதுமா?

அடிவாரத்தோப்பு:

வணக்கம். மதுரை மாவட்டம் சாப்டூர் பக்கம் மலையடிவாரத்துல மாமாவோட பட்டா தோப்பு இருக்கு, மாவும் தென்னையும். மேற்கே மலை. தோப்புக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு ஓடை. மோட்டார் ரூமை ஒட்டி சிமெண்டுத் தொட்டி, அது வழிஞ்சு பக்கத்துல குட்டையா நிக்கும். மாசி, பங்குனியில காட்டுல தண்ணி வத்துனதும் பொழுது சாய மிளா அதுக்கு இறங்குது. தோப்புக்குள்ளயே மறைப்பு கட்டி 400 எம்எம் லென்ஸ்ல படம் எடுக்கணும். காட்டுக்குள்ள கால் வைக்குற எண்ணம் இல்ல.

அமெரிக்க மான் வேட்டை வீடியோக்கள்ல கரித்துகள் வச்ச உடுப்பு, வாடை போக்குற ஸ்ப்ரே, ஓசோன் மிஷின்னு காட்டுறாங்க. இங்க வரவழைச்சா ஒரு லென்ஸ் காசு ஆகும் போல. வாங்குறது பிரயோசனமா? மறைப்பு எந்தப் பக்கம் போடணும்? காலையா, சாயங்காலமா?

மேகாத்து:

தம்பி, முதல்ல மறைப்பு எங்கங்கறத முடிவு பண்ணுங்க. உடுப்பெல்லாம் அப்புறம்.

மேற்கே மலைன்னா தோப்பைப் பார்த்து நிக்குறது கிழக்குச் சரிவு. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால இறங்கும்போது மத்த இடத்துக்கு முன்னாலயே அந்தச் சரிவுல நிழல் விழுந்துரும். பாறை ஆற ஆற அதை ஒட்டின காத்து குளுந்து, கனத்து, ஓடைவழியா கீழ வழியும். அதாவது மிளா வர்ற பக்கமிருந்து உங்க பக்கம் வரும். காலையில நேர்மாறு. முதல் வெயிலே அந்தச் சரிவுலதான் படும், பட்டு கொஞ்ச நேரத்துல காத்து தோப்புலருந்து மேல ஏற ஆரம்பிச்சுரும். உங்க வாடை நேரா காட்டுக்குள்ள போகும். அதனால சாயங்காலம்தான். காலையில வேணும்னா இருட்டோட போய் உக்காந்து, சரிவுல வெயில் பட்டதும் எந்திரிச்சுருங்க.

சாயங்காலத்துலயும் ஒரு கண்டம் இருக்கு. ஏறுற காத்து நின்னு இறங்குற காத்து தொடங்குறதுக்கு நடுவுல கொஞ்ச நேரம் அசைவே இருக்காது. அப்ப வாடை உங்களச் சுத்தித் தேங்கி, எந்தப் பக்கம் வேணாலும் கசியும். அந்த நேரத்துல நடக்கக் கூடாது. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே உள்ள போய் உக்காந்திருக்கணும்.

இதையெல்லாம் கண்ணால பார்க்க எருக்கம் பஞ்சை விட ஒசத்தியான கருவி கிடையாது. ரோட்டோரம் வெடிக்குற பதத்துல இருக்குற காயாப் பாருங்க. பிளந்தா விதைகள் மீன் செதில் மாதிரி அடுக்கா ஒட்டியிருக்கும், ஒவ்வொண்ணு தலையிலயும் வெள்ளைப் பட்டு. நிழல்ல காயவச்சு, விதையைக் கிள்ளிப் போட்டுட்டு, பஞ்சை மாத்திரை டப்பாவுல அடைச்சுக்கங்க. பச்சைக்காயைக் கிள்ளாதீங்க, எருக்கம்பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. நெஞ்சு உயரத்துல ஒரு இழையை விட்டுட்டு பைனாகுலர்ல பின்தொடருங்க. சாம்பலைத் துணியில முடிஞ்சு தட்டுறது உங்க காலடிக் காத்தை மட்டும் சொல்லும். பஞ்சு முப்பது நாப்பது மீட்டர் மிதந்து, மோட்டார் ரூம் சுவத்துல மோதித் திரும்புறது வரைக்கும் காட்டிரும். மறைப்பு கட்டுறதுக்கு முன்ன ஒரு வாரம் தினமும் நாலு மணிலருந்து இருட்டுற வரைக்கும் கால் மணிக்கு ஒரு இழை விட்டு, எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு குறிச்சு வைங்க. அந்தத் தாள்தான் உங்க மறைப்புக்கு பிளான்.

இடம்: குட்டைக்குக் கிழக்கே, கொஞ்சம் ஒதுங்கி, 40 மீட்டர். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுல 400 எம்எம்முக்கு அந்தத் தூரத்துல 3.6 மீட்டர் அகலம் அடங்கும், கொம்பன் பக்கவாட்டுல நின்னாலும் தாராளம். சென்சார் சின்னதுன்னா 2.4 மீட்டர்தான் அடங்கும், 50 மீட்டருக்குத் தள்ளிக்கங்க. மிளா நேரா தண்ணிக்கு வராது. ஓடை விளிம்புல நின்னு மூக்கைத் தூக்கும், சில சமயம் சுத்தி வந்து காத்து எடுத்துட்டுத்தான் இறங்கும். அது சுத்த வேண்டிய பக்கம், அதாவது உங்க முதுகுப் பக்கம், உழுத வெட்டவெளியோ மாட்டுக் கொட்டமோ இருக்குற மாதிரி பாருங்க. வெளிச்சம் இருக்குறப்ப அங்க வர அதுக்குத் துணிச்சல் வராது.

மறைப்புக்குள்ள போறது கிழக்குப் பக்கமா, வரப்பு மேல. மிளா நடக்குற தடத்தைக் குறுக்கே தாண்டாதீங்க. செடியில உரசுன வாடை நீங்க போன பிறகும் நிக்கும்.

ஆய்வகமேசை:

கருவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கரி உடுப்பு வேலை செய்வது கரியின் நுண்துளைகளில் வாடை மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதால். துளைகள் நிரம்பிவிட்டால் அத்தோடு சரி. உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் மறுபடி புதிதாகிவிடும் என்று விற்கிறார்கள். ஆலைகளில் நிரம்பிய கரியை மீட்க பல நூறு டிகிரி வெப்பம் தருகிறார்கள். துணி உலர்த்தியில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். மதுரை வெயிலில் வேர்வையில் நனையும் துணியில் அது எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று யோசித்துப் பாருங்கள். மூச்சோ எந்த உடுப்புக்குள்ளும் அடங்காது. 2002-ல் அமெரிக்காவில் தேடுதல் நாய்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கரி உடுப்பு போட்டவர்களையும் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன.

ஓசோன் மிஷினை மறைப்புக்குள் ஓட்டவே கூடாது. நுரையீரலுக்குக் கெடுதல், கேமராவின் ரப்பர் பிடிகளையும் சீல்களையும் வெடிக்க வைக்கும். ஸ்ப்ரே துணியிலுள்ள பழைய வாடையைக் குறைக்கும், ஆனால் தோல் நிமிடத்துக்கு நிமிடம் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

செலவில்லாமல் செய்யக்கூடியது: பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, துணியை அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அடுப்புப் புகை படாத இடத்தில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பாச்சா உருண்டை போட்ட பீரோவில் வைத்தால் அவ்வளவும் வீண். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய், வாசனை பவுடர், கொசுக் களிம்பு, பீடி எதுவும் வேண்டாம். கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் வலைத்தொப்பியும் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று, சலவைத்தூள். வெண்மைக்காக அதில் சேர்க்கும் பொருள் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக ஒளிரும். மான் இனங்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் உங்கள் பச்சைச் சட்டை தனியாக நிற்கும். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் துணிமேல் அடியுங்கள். வெள்ளையாக மினுங்கினால் அந்தச் சட்டை வேண்டாம். சொட்டு நீலமும் கூடாது.

கிடுகுக்கூரை:

மேகாத்து அண்ணே, காத்துக் கணக்கு அத்தனையும் சரி. இருட்டோட போகச் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். சாப்டூர் சரகம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல சேர்ந்தது. யானை, கரடி, காட்டுமாடு எல்லாம் நடமாடுற அடிவாரம். அமெரிக்காவுல வில் வேட்டைக்காரன் மரத்து மேல பரண்ல உக்காந்து, மான் 20, 30 மீட்டருக்குள்ள வரணும்னு வாடையை அடக்குறான். இங்க நாம தரையில உக்காந்திருக்கோம். நம்ம வாடை தெரியாம கரடி பத்தடியில வந்து நின்னா, அது மிரண்டு மேலயே பாயும். மனுச வாடை அதை ஒதுங்க வைக்குற ஒரு காவல், அதை முழுசா அடக்க நினைக்காதீங்க. சாயங்காலம் மட்டும் உக்காருங்க, மறைப்பை மோட்டார் ரூமுக்கு ஓடுற தூரத்துல போடுங்க, கூட ஒரு ஆளை வச்சுக்கங்க. வெளிச்சம் மங்குனதும் டார்ச்சு அடிச்சு சத்தமா பேசிக்கிட்டே வெளிய வாங்க.

சட்டமும் கவனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கறதுக்குள்ள இரை வச்சு இழுக்குறதும், விரட்டுறதும் வரும். பட்டா நிலம்னாலும் உப்புக்கல் வைக்குறது, பலாப்பழம் போடுறது கூடவே கூடாது. தொட்டித்தண்ணி விவசாயத்துக்கு இருக்குறது, அது வழியுறது வேற விஷயம். ஆரம்பிக்குறதுக்கு முன்ன வனச்சரக அலுவலகத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேலியோரம் உருண்டையா எதாவது கிடந்தா தொடாதீங்க, அவுட்டுக்காயா (விலங்கு கடிச்சா வெடிக்குற நாட்டு வெடி) இருக்கலாம். சுருக்குக் கம்பி கண்ணுல பட்டாலும் அவங்ககிட்டயே சொல்லுங்க.

மறைப்பு கட்டுறது: நாலு சவுக்குக் கம்பு, ஆறடி நீளம், நாலடி அகலம், அஞ்சடி உயரம். சுத்தி கிடுகு (பின்னுன தென்னோலை) ரெண்டு அடுக்கு. உள்பக்கம் முதுகுக்குப் பின்னால கறுப்புத் துணி கட்டாயம், இல்லாட்டி இடுக்கு வழியா வெளிச்சம் தெரிஞ்சு உங்க உருவம் ஆடுறதை மிளா பார்த்துரும். லென்ஸ் ஓட்டை ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் ஒரு துணித் திரை. முதல் பத்து நாள் யாரும் உக்காராம அப்படியே விட்டுருங்க, மிளாவுக்குப் பழகட்டும். பைக்கை ரோட்டுலயே நிறுத்துங்க. தோப்புல தினமும் கேக்குற மோட்டார் சத்தமும் சாணி வாடையும் அதுக்குப் பழக்கம்தான். ஆள் இல்லாத நேரத்துல, ஆள் இல்லாத மூலையில புதுசா மனுச வாடை அடிச்சாதான் சந்தேகப்படும்.

வாடை சுத்தம் நிஜமா உதவுற இடம் தானியங்கி கேமரா. கையால தொட்ட வாடை தொட்ட இடத்துலயே உக்காந்திருக்கும், மிளா அதை வந்து மோந்து நக்கும். ரப்பர் கையுறை போட்டு மாட்டுங்க, பெல்ட்டை சோடாத் தண்ணியில துடைங்க. பேட்டரி மாத்த உச்சி வெயில்ல போங்க.

அடிவாரத்தோப்பு:

ரொம்ப நன்றிண்ணே. உடுப்பை விட்டுட்டேன், இந்த வாரமே எருக்கங்காய் தேடுறேன். இன்னும் ரெண்டு கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில காத்து வடகிழக்குல இருந்து வருமே, அப்ப இதே மறைப்பு ஆகுமா? வாடை பிடிச்சுருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?

மேகாத்து:

கிடுகுக்கூரை சொன்னது சரி, காலை யோசனையை விட்டுருங்க.

வடகிழக்குக் காத்து உங்களத் தாண்டி தென்மேற்கே போகும். கிழக்கு மறைப்புல உக்காந்தா உங்க வாடை நேரா ஓடைக்குப் போயிரும். குட்டைக்குத் தெற்கே ரெண்டாவது மறைப்பு ஒண்ணு போடுங்க, வாடை பக்கத்துக் கொல்லை மேல போய் கரையட்டும். ஆனா அந்த மாசங்கள்ல காட்டுலயே தண்ணி இருக்கும், தொட்டிக்கு வர்றது குறைவு, அதனால பெருசா மெனக்கெட வேணாம். ஆடியில மேற்கேருந்து மேகாத்து பலமா அடிக்கும். திசை உங்களுக்கு சாதகம்தான், ஆனா மலையைத் தாண்டி விழுற காத்து சுழலும், கிடுகு படபடக்கும், மிளாவும் சத்தத்துல மிரண்டே நிக்கும்.

காது உங்க பக்கம் திரும்புனா சத்தம் கேட்டிருக்கு, அசையாம இருந்தா மறந்துரும். மூக்கு மேல தூக்கி, முன்னங்காலால தரையைத் தட்டி, வால் நிமிர்ந்தா வாடை எட்டியிருச்சு. அடுத்தது அந்த ஒத்தை எச்சரிக்கைக் கத்தல்தான். அதுக்கப்புறம் அன்னிக்கு உக்காந்து புண்ணியமில்ல, மத்த மிளாவும் இறங்காது. அடுத்தடுத்து அதே குட்டையில வாடை பிடிச்சா நடுராத்திரிக்கு மேலதான் தண்ணிக்கு வரும், உங்களுக்கு வெளிச்சமே கிடைக்காது. அதனால பஞ்சு ஓடைப் பக்கம் போற அன்னிக்கு மறைப்புக்குள்ள போகவே போகாதீங்க. ஒரு மறைப்புல தொடர்ந்து ரெண்டு சாயங்காலத்துக்கு மேலயும் உக்காராதீங்க, நடுவுல நாலஞ்சு நாள் விட்டுருங்க.