'மோட்சம்' எப்போது நான்காவதாகச் சேர்ந்தது?

வணக்கம். சமஸ்கிருதமோ சமயத் தத்துவமோ படித்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

மோட்சம், முக்தி இரண்டுமே 'முச்' என்ற வேரிலிருந்து வந்தவை. அவிழ்த்தல், விடுவித்தல் என்று பொருள். விடுதலைக்கு ஏங்குகிறவன் முமுட்சு. பஞ்சாங்கத்தில் கிரகணம் விடும் நேரத்தையும் மோட்சம் என்றுதான் போடுகிறார்கள், அங்கே ஆன்மாவுக்கு வேலையே இல்லை! சாந்தோக்கிய உபநிடதத்தில், கண்ணைக் கட்டிக் காந்தாரத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவனின் கட்டை ஒருவர் அவிழ்க்கிறார். அங்கும் இதே 'முச்' என்ற வினைச்சொல்தான். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பழைய நூல்கள் பலவற்றில் வாழ்வின் குறிக்கோள்கள் (புருஷார்த்தங்கள்) அறம், பொருள், இன்பம் மூன்றுதான். திருக்குறளின் பால்களும் அப்படியே. நான்காவதாக மோட்சம் எப்போது, எந்த நூலில் சேர்ந்தது? சமணரும் பௌத்தரும் விடுதலையை முன்னிறுத்தியதன் தாக்கம் அதில் உண்டா?

அப்புறம், தமிழில் இதே விடுதலையைக் குறிக்க 'வீடு' என்ற சொல் இருக்கும்போதே 'மோட்சம்' எந்த இலக்கியத்தில் முதலில் வருகிறது? பாடல் வரியோடு சொன்னால் நல்லது. 'எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது' என்ற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.