வீட்டுக் கார்பன் கணக்கு: நாடு நாடாக ஒப்பிடுவது எப்படி?

கேள்வி
மூன்று நாளாக ஓர் அட்டவணையோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு வீடு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்று நாடுவாரியாகப் பார்க்க ஆசை. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கணக்கில் 'குடியிருப்பு' வரியை எடுத்தேன். தலைக்கு வகுத்தால் நார்வே அடியில் கிடக்கிறது, பிரிட்டன் எங்கேயோ மேலே. குளிர் நார்வேயில்தானே அதிகம்? எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1
உங்கள் மேல் தப்பில்லை. அந்த வரியில் வீட்டுக்குள்ளேயே எரிகிற எரிபொருள் மட்டும்தான் வரும். சுவிட்சைப் போட்டால் வரும் புகை மின்நிலையக் கணக்கில், கார் போக்குவரத்துக் கணக்கில். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு பாய்லர். நார்வேயில் பெரும்பாலும் மின்சார ஹீட்டர், அதுவும் நீர்மின்சாரத்தில்.

என் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துவைத்து ஒருநாள் போட்டுப் பார்த்தேன். மாதம் 200 யூனிட். இந்தியாவில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆக 140 கிலோ. அதே 200 யூனிட் அணுமின்சாரம் மிகுந்த பிரான்சில் செலவானால் 20 கிலோகூட வராது. அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ்! இந்த நாட்டு மக்கள் சிக்கனம், அந்த நாட்டு மக்கள் ஊதாரி என்று எழுதுவது எவ்வளவு அநியாயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பதில் 2
விறகை விட்டுவிட்டீர்களே. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் முறைப்படி விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தி மொத்தத்தில் சேராது. மரம் குறைந்ததை நிலப்பயன்பாடு என்ற தனிக் கணக்கில் எழுதுவார்கள். கண் கரிக்க ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அடுப்பு, இந்த வரியில் பூஜ்யம். அவர் கேஸுக்கு மாறினால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ ஏறும். அதைக் காட்டி 'ஏழை வீடுகளில் உமிழ்வு கூடிவிட்டது' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

கேட்டவர்
விறகு என் நினைவுக்கே வரவில்லை, நன்றி. வீட்டுக்கு இவ்வளவு என்று போடவா, ஆளுக்கு என்றே வைக்கவா?

பதில் 1
ஆளுக்கு என்றே வையுங்கள். அமெரிக்க வீட்டில் சராசரி இரண்டரைப் பேர், இந்திய வீட்டில் நாலுக்கும் மேல். மின்சாரத்தையும் காரையும் தனித்தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டு, விறகுக்கு ஒரு பத்தி காலியாகவாவது விடுங்கள். காலியாக இருந்தால்தான் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.