உதவி: கியூ போட்டும் ஐபி போனில் குரல் உடைகிறது

லாஸ்பேட்டை_மாடி:
அவசரம். ஆபீஸில் பைபர் லைன். யாராவது டிரைவில் பெரிய பைல் ஏற்றினால் ஐபி போனில் நாங்கள் பேசுவது எதிர்முனைக்குத் துண்டு துண்டாகப் போகிறது. அவர்கள் பேசுவது நன்றாகவே கேட்கிறது. ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்த டேட்டா முதலில் போகணும் என்று வரிசைப்படுத்தும் கியூ) போட்டாச்சு, பலன் இல்லை. யாராவது சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்_வாசி:
என்ன ரவுட்டர்? அப்லோடு எவ்வளவு வருகிறது? போன் கேபிளிலா, வைஃபையிலா?

தேவனாம்பட்டினம்_அலை:
உப்புக் காற்றுதான். கனெக்டரில் பச்சை பூத்திருக்கும், வெட்டிவிட்டுப் புதுசாகக் கிரிம்ப் பண்ணுங்க.

மஞ்சக்குப்பம்_வாசி:
அதெப்படி, பைல் ஏற்றும்போது மட்டும் பூக்குமா?

பழைய_பாக்கெட்:
"க்யூஓஎஸ் போட்டாச்சு" என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? இங்கே எத்தனையோ தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்கத்தான் ஆள் இல்லை. போன் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரையைப் போடு தம்பி, வேலை முடிந்தது.

பாகூர்_பையன்:
எப்படி முடியும் சார்? 46 என்பது வெறும் முத்திரை. அதைப் பார்த்து வழிவிடுகிற கியூ ஒன்று இருக்க வேண்டுமே. சாதாரண இன்டர்நெட் லைனில் கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுகொள்வார்கள் என்று நம்ப முடியாது.

பழைய_பாக்கெட்:
நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் ரவுட்டர் கட்டுகிறேன்.

வில்லியனூர்_வயர்:
எதுக்கு இந்தச் சண்டை? 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க, தீர்ந்தது.

மஞ்சக்குப்பம்_வாசி:
ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு அழைப்புக்கு ஏறக்குறைய 87 கேபிபிஎஸ்தான் போகும். இடம் இல்லாமல் உடையவில்லை, பைலுக்குப் பின்னால் வரிசையில் நின்று தாமதமாகிறது. பிளானை ஏற்றினாலும் அப்லோடு நிரம்புகிற நேரத்தில் இதே கதைதான்.

லாஸ்பேட்டை_மாடி:
மைக்ரோடிக், ரவுட்டர் ஓஎஸ் 7. 100 பிளான். டெஸ்டில் டவுன் 94, அப் 38. சிம்பிள் கியூவில் மேக்ஸ் லிமிட் (வேக உச்சவரம்பு) 100எம்/100எம். போன் கேபிளில்தான்.

மஞ்சக்குப்பம்_வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! லைன் 38-தான் தாங்கும், கியூவில் 100 என்றால் உங்கள் ரவுட்டருக்கு வரிசையே தெரியாது. நெரிசல் முழுக்க வெளியே மோடத்தில் சேரும், அங்கே உங்கள் விதி எதுவும் செல்லாது. அளந்து வந்ததில் பத்து சதவீதம் குறைத்து 34எம்/85எம் வையுங்கள். முதல் எண் அப்லோடு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, பயர்வாலில் பில்டர் ரூல்ஸைப் பாருங்கள். டிபால்ட் செட்டிங்கில் பாஸ்ட்டிராக் விதி ஒன்று இருக்கும். அதில் ஏறிய இணைப்பு சிம்பிள் கியூவைத் தொடாமலே போய்விடும். அதை டிசேபிள் செய்து ரவுட்டரை ரீபூட் பண்ணுங்கள், இல்லையென்றால் பழைய இணைப்புகள் அப்படியே ஓடும். கியூ டைப்பில் எப்க்யூ-கோடெல் (ஒரே பைல் வரிசையை அடைக்காமல் பங்கிடும் முறை) ஒன்று உருவாக்கி இந்தக் கியூவுக்குக் கொடுங்கள். பாஸ்ட்டிராக் போனால் சிபியு சுமை ஏறும், அதையும் ஒரு கண் பாருங்கள்.

பழைய_பாக்கெட்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

பாகூர்_பையன்:
எங்கே சார் சொன்னீங்க? 46-தானே சொன்னீங்க?

தேவனாம்பட்டினம்_அலை:
கனெக்டரையும் ஒருதரம் பார்த்துவிடுங்க.

லாஸ்பேட்டை_மாடி:
34/85, பாஸ்ட்டிராக் ஆஃப். இப்ப குரல் தெளிவாப் போகுது. நன்றி.

மஞ்சக்குப்பம்_வாசி:
பைல் ஏறும்போது பேசிப் பார்த்தீர்களா? சிபியு எவ்வளவு காட்டுகிறது?

வில்லியனூர்_வயர்:
ஆள் போயாச்சு. ஆமா, எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் வைஃபையில். என்ன பண்ணலாம்?

பழைய_பாக்கெட்:
என்ன ரவுட்டர்?